முன்னறை யாருக்கு

உளவளத்துணை, அதாவது கவுன்சலிங், மாலை வகுப்பில் இன்று பழைய மனநோய் ஆஸ்பத்திரிகளைப் பற்றிப் பாடம். குணமான பிறகும் பலர் அங்கேயே முதுமையடைந்தார்களாம். "பூட்டி வெச்சதால இல்ல, கூட்டிப் போக ஆள் வரல்ல" என்றார் ஆசிரியை றுஸ்னா. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். என்னால் முடியவில்லை.

என் காக்கா, கூடப் பிறந்த அண்ணன் அர்ஹம், கொழும்புப் பக்கம் அப்படியோர் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். சுகமாகிவிட்டது, கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகிறது. ஆனால் காக்காவுக்கு வீடில்லை. எங்கள் ஊர் சாய்ந்தமருதில் வீடு பெண்பிள்ளைக்குத்தான்; ஆண் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். காக்காவும் போனார். நோய் வந்ததும் அந்தக் கலியாணம் முறிந்தது. உம்மாவின் வீடு இப்போது என் பெயரில். பெருநாள் கழிந்து எனக்கும் ஷிப்லிக்கும் நிக்காஹ்.

"அவனை முன்னறையில படுக்க வெச்சிட்டு மாப்பிள்ளைய எங்க வெக்கிற?" என்று உம்மா கேட்கிறார்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு காக்கா வார்டிலிருந்து ஃபோனில் பேசினார்.

"றிபா, மாப்பிள்ளை என்னவிட வடிவா?"

"ஓம், கனக்க வடிவு."

"அப்ப நான் வரல்ல. பக்கத்துல நிக்க வெக்கம்."

சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "கலியாணச் சோத்துக்கு மட்டும் வந்துட்டுப் போகட்டா புள்ள? படுக்க மாட்டன்."

பிறந்த வீட்டுக்கு விருந்தாளியாக வர அனுமதி கேட்டார்.

இன்று காலை ஷிப்லியின் உம்மா அறை பார்க்க வந்தார். அலுமாரி எங்கே வைப்பது என்று முன்னறையை அளந்துகொண்டிருந்தபோது சொன்னேன்.

"மாமி, இது காக்காட அறை. நாங்க பின்னறையில இருப்பம்."

"பைத்தியத்தோட என்ட மகன் ஒரு வீட்டுலயா?"

"காக்காக்கு சுகம், மாமி. வீடு என்ட. நான்தான் சொல்லணும்."

மாமி தேநீர் குடிக்காமல் போய்விட்டார். ஷிப்லியிடமிருந்து அழைப்பு இல்லை. நான் சொன்ன விதம் பிழையோ என்று இன்னும் யோசிக்கிறேன். சொன்னது பிழையில்லை. ஆனாலும் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு ஷிப்லியும் வேண்டும்.

கொழும்பு பஸ்ஸில் போக ஒரு சீட், வர இரண்டு சீட் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். உம்மா முன்னறையில் கட்டிலைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னல் பக்கம் தலை வெச்சாத்தான் அவனுக்கு நித்திரை வரும்" என்றார். "மற்றப் பக்கம் பிடி மகள்."