சுண்டுவிரல் நகம்

"இன்னொரு தடவை இப்படிச் சொறிஞ்சுகிட்டு வந்தா வேற இடம் பாத்துக்கங்கம்மா" என்றாள் குழந்தைகள் காப்பகத்து ஆயா. வாசலிலேயே, அத்தனை அம்மாக்களும் கேட்கிற மாதிரி. மானம் கப்பலேறியது. என் மகள் உருண்டை என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்ததால் வந்த பெயர். இப்போது கன்னமெல்லாம் வற்றிக் கிடக்கிறாள்.

ஆயாவைக் குறை சொல்லவும் வழியில்லை. ஒரு பிள்ளைக்குப் பூச்சி இருந்தால் எல்லாப் பிள்ளைக்கும் ஒட்டும். ஆனால் காப்பகம் இல்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை. சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு நாதி கிடையாது.

இந்த நாசமாய்ப் போன கீரிப்பூச்சி இருக்கிறதே, பகலில் இருக்கிற இடமே தெரியாது. பிள்ளை கண்ணயர்ந்த பிறகுதான் ஆசனவாய்ப் பக்கம் வந்து முட்டையிடும். வெள்ளை நூல் துண்டு மாதிரி இருக்கும். பகலெல்லாம் நூலோடு மாரடிக்கிறவளுக்கு ராத்திரியும் நூல்! உருண்டை தூக்கத்திலேயே சொறிவாள், அழுதுகொண்டே எழுவாள். அவளைத் தட்டித் தூங்கவைத்துவிட்டு நான் கண்ணை மூடினால் விடிந்துவிடும். தூக்கம் கெட்ட பிள்ளை பகலில் சும்மா இருக்குமா? காப்பகத்தில் பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கிறாள். நான் மிஷின் மேலேயே தூங்கி விழுகிறேன். ஒரு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்து சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் ஆயிற்று.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "வீட்ல எல்லாரும் ஒரே நாள்ல மாத்திரை போடுங்க. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் போடணும். மாத்திரை புழுவைத்தான் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை படுக்கையில இருக்கும், நக இடுக்குல இருக்கும். அந்தக் கை வாய்க்குப் போனா திரும்பவும் முதல்லேர்ந்துதான். நகத்தை ஒட்ட வெட்டுங்க."

எல்லாம் செய்தேன். மூன்று பேரும் இரண்டு முறையும் மாத்திரை போட்டோம். விரிப்பு, தலையணை உறை, உள்ளாடை எல்லாவற்றையும் வெந்நீரில் அலசினேன். உருண்டை கையை உதறி உதறி அழுதாலும் விடாமல் அவள் நகத்தை ஒட்ட வெட்டினேன். அப்படியும் போன சனியன் திரும்பி வந்துவிட்டது.

வீட்டில் வெட்டாத நகம் ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். வலது கைச் சுண்டுவிரலில் நீளமாக நகம் வளர்த்திருக்கிறார். போனின் பின்மூடியை நெம்புவது, பொடி ஸ்க்ரூவைக் கிளப்புவது எல்லாம் அதை வைத்துத்தான். மற்ற நகங்களை வெட்டிக்கொண்டவர் இதை மட்டும் "இது நகம் இல்ல, டூல்" என்று விட்டுவிட்டார். பிழைப்பாயிற்றே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவர் உருண்டைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் ஊட்டினால் அவள் வாயே திறக்கமாட்டாள், அப்பா கைதான் வேண்டும். ஆயா சொன்னதைச் சொன்னேன்.

"அங்கேருந்துதான் வருது. அந்தம்மாவை நல்லாக் கேளு" என்றபடி அடுத்த கவளத்தை எடுத்தார். கவளத்தோடு அந்த நகமும் பிள்ளையின் உதட்டுக்குள் போவதைப் பார்த்தேன்.

"கையை எடுங்க!"

"ஏன்டி கத்தற?"

"முதல்ல அந்த நகத்தை வெட்டுங்க."

"எனக்கு அரிக்கவே இல்லையே!"

"தூக்கத்துல சொறியறது உங்களுக்கு எப்படித் தெரியும்? முழிச்சுக் கிடக்கிறவ நான்தானே. அவ சொறியறதும் கேக்குது, நீங்க சொறியறதும் கேக்குது."

அவர் முகம் சிறுத்துவிட்டது. "பிள்ளை முன்னாடி பேசற பேச்சா இது? இதை வெட்டிட்டு நாளைக்குக் கடையில எதை வச்சு வேலை பாக்கறது, உன் பல்லை வச்சா?"

"அப்ப பிள்ளையைக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் வேலையை விட்டுட்டு நிம்மதியாத் தூங்கறேன்!" சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்கு அவ்வளவு அலுத்துப்போயிருந்தது.

"அப்பாவுக்கு வெட்டாதம்மா" என்றாள் உருண்டை. விரல்களை விரித்துக் காட்டினாள். நுனியெல்லாம் சிவந்திருந்தது. "வலிக்கும். நான் கெட்ட பொண்ணு, அதான் எனக்கு மட்டும் வெட்டற. அப்பா நல்லவரு."

"யாருடி சொன்னது அப்படி?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

அவர் தட்டை வைத்துவிட்டு எழுந்தார். கை கழுவி, அலமாரியிலிருந்து நகவெட்டியை எடுத்து, ஒரே அழுத்தில் வெட்டிக் குப்பையில் போட்டார். சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவிவிட்டு வந்து பிள்ளையிடம் கையை நீட்டினார். காப்பகத்தில் ஆயா பிள்ளைகள் கையைப் பார்ப்பது போலவே அவள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"உனக்கும் பூச்சி இருக்காப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். "இருக்குடா" என்றார்.

நான் சுவரில் சாய்ந்தது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது விடிந்திருந்தது. அவர் கண்கள் சிவக்க உட்கார்ந்திருந்தார், மடியில் உருண்டை.

"ராத்திரி பூரா எழுந்து எழுந்து அழுதா. இத்தனை நாளா எப்படிடி தாங்குன?"

"விரிப்பை உருவுங்க, ஊறவைக்கணும்" என்றேன்.

அன்று காப்பகத்துக்கு அவரும் வந்தார். உருண்டை சொறிந்துகொண்டேதான் வந்தாள். ஆயா வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டு, "இன்னைக்கு மறுபடி எல்லாரும் மாத்திரை போடறோம். எங்க தப்பும் இருக்குங்க..." என்று மென்று விழுங்கினார்.

அதற்குள் உருண்டை வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, சந்தோஷமாகக் கத்தினாள்: "எங்கப்பாவுக்கும் பூச்சி இருக்கு!"

அம்மாக்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் காதுமடல் வரை சிவந்துவிட்டது.

"ஆமாங்க" என்றார். "எனக்கும் இருக்கு."

ஆயா பிள்ளையின் பையை வாங்கிக்கொண்டு, "கையைக் கழுவிட்டு உள்ள போ" என்றாள்.