இடப்பக்கம் திருப்பும் தசை

மாவட்டப் பூப்பந்துப் போட்டிக்கு முந்தின வாரம், என் கழுத்தின் வலப்பக்கத் தசை கோபித்துக்கொண்டு என் மைத்துனன் வீட்டுக்குப் போய்விட்டது. மன்னார்குடியில் இது நடக்கக்கூடியதுதான். முழங்கால் என்றால் வேளாங்கண்ணி வரை போய்விடும், தேடி ஆள் அனுப்ப வேண்டும். கழுத்துத் தசை அவ்வளவு தூரம் போகாது. சொந்தக்காரர் வீட்டோடு நின்றுவிடும்.

முதலில் கவனித்தவள் என் மனைவி அமிர்தவல்லி.

“ஏங்க, எந்திரிங்க. வாசக்கதவு தெறந்து கெடக்கு. கழுத்தத் தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். காதுக்குப் பின்னாலிருந்து தொண்டைக்குழி வரை சாய்வாக இறங்குமே ஒரு தடித்த கயிறு, அது வலப்பக்கம் இல்லை. தலை இடது தோளின் மேல் சாய்ந்து, முகம் வலப்பக்கம் திரும்பி அப்படியே நின்றது. அலமாரி தெரிந்தது. அமிர்தவல்லி தெரியவில்லை.

எங்கள் ஊர்ப் பந்தலடிப் பகுதியில் பிசியோதெரபி பார்க்கும் ஷர்மிளா பானுவிடம் போனோம். அவர் என் காலரை விலக்கிப் பார்த்துவிட்டுத் தலையணையைப் பற்றி விசாரித்தார். இரண்டு வைத்துக்கொள்வேன் என்றேன். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசுவீர்களா என்றார். வண்டி ஓட்டும்போது மட்டும் என்றேன். பஸ்ஸில் தலை தொங்கத் தூங்குவீர்களா என்றார். அதற்கு அமிர்தவல்லியே பதில் சொல்லிவிட்டாள்.

“நெஞ்செலும்புல ஒரு கால், காறை எலும்புல ஒரு கால்னு ஊனி நிக்கிற தச சார் இது. ரெண்டு கால் இருக்கறதாலதான் எறங்கி நடந்துடுது. மூச்சு வாங்குறப்ப நெஞ்சத் தூக்கிக் குடுக்கறதும் இதுதான். அதனால கொஞ்ச நாளைக்கு மாடி ஏறாதீங்க.”

“வலது தச போனா வலப்பக்கம்தானே திரும்ப முடியாம போகணும்?” என்றேன்.

“இல்ல சார். வலது தச இழுத்தா மொகம் இடப்பக்கம் திரும்பும். இடது தச இழுத்தா வலப்பக்கம் திரும்பும். உங்களுக்கு இப்ப போயிருக்கறது இடப்பக்கம்.” பிறகு சாதாரணமாகக் கேட்டார்: “வீட்ல உங்க இடப்பக்கம் யாரு?”

“நாந்தான்” என்றாள் அமிர்தவல்லி. கட்டிலிலும் சாப்பாட்டு மேசையிலும் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் இடம் அதுதான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் என் இடப்பக்கமாகவே நடந்து வந்தாள். அது வளையல் சத்தத்தால்தான் தெரிந்தது.

வலப்பக்கம் மாறி உட்காரச் சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள். “நான் ஏன் மாறணும்? போனது வரட்டும். அதுவரைக்கும் நான் என் எடத்துலதான் இருப்பேன்.” உடம்போடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். நான் திரும்பத் திரும்ப அவளும் நகர்ந்து சரியாக இடப்பக்கத்துக்கே போய் நின்றாள். அந்த விஷயத்தில் அவள் கறார். தோசை இடப்பக்கத்திலிருந்து வரும். கரண்டியும் இரண்டு வளையலும் தெரியும். அதற்கு மேல் கை யாருடையது என்பதற்கு ஆதாரம் இல்லை.

மறுநாள் மைத்துனன் செல்வேந்திரன் வீட்டுக்குப் போனேன். அவன் வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

“சத்தம் போடாதீங்க மச்சான். இப்பதான் சுடுதண்ணி ஒத்தடம் குடுத்துப் படுக்க வச்சிருக்கேன். வந்தப்ப கட்டக் கட்டயா முடிச்சு. அதத் தொட்டா எனக்கு நெத்தி வலிக்குது, கண்ணுக்குப் பின்னால விண்விண்ணுங்குது. பாவம், என்ன பாடு பட்டுதோ.”

“எப்ப வருமாம்?”

உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். முகத்தில் சங்கடம்.

“தலகாணி, போனு இதெல்லாம்கூடப் பரவால்லயாம். ஆடுகளத்துல நாள் பூரா இடது பக்கம் திருப்பினேன், சந்தோஷமாத் திருப்பினேன்னு சொல்லுது. வீட்டுக்கு வந்தா ஒரு தடவகூடக் கூப்பிடலயாம். சும்மாவே கெடந்து எறுகிப் போச்சாம். அக்கா பக்கம் கடைசியா எப்பத் திரும்பினீங்க மச்சான்?”

கேள்வி நியாயமானதுதான். நான் ஆப்பிள் இரண்டு கொண்டுபோயிருந்தேன். அதை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் பூப்பந்து நடுவர். வலைக்கு நேரே உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, மஞ்சள் கம்பளிப் பந்து வலமும் இடமும் போவதைப் பார்ப்பவன். இறுதிப் போட்டியில் வலப்பக்கம் வடுவூர், இடப்பக்கம் நீடாமங்கலம் என்று விழுந்தது. நீடாமங்கலத்தை நான் பார்க்கவே முடியாது. என்னை மாற்றிவிடுங்கள் என்று போட்டிச் செயலாளரிடம் சொன்னேன். இருக்கிற இன்னொரு நடுவருடைய மணிக்கட்டு ஊரில் இல்லை என்றார். “இடப்பக்கத்துக்கு ஆள் வச்சுக்குங்க கலியமூர்த்தி. நம்பிக்கையான ஆளா இருக்கணும்.”

வீட்டில் இடப்பக்கத்தைப் பார்த்து, அதாவது வலப்பக்கம் பார்த்தபடியே, நீ வருகிறாயா என்று கேட்டேன். பிறகு தோசையின் மேல் நெய் விழுந்தது.

“எனக்கு ஆட்டமெல்லாம் தெரியாது. பந்து உள்ள விழுந்தா உள்ளம்பேன், வெளிய விழுந்தா வெளியம்பேன்” என்றாள்.

என் நாற்காலிக்கு இடப்பக்கம் அதே உயரத்தில் இன்னொரு நாற்காலி போட்டார்கள். ஆட்டம் தொடங்கியது. பந்து என் பார்வையை விட்டுப் போனதும் அவள் குரல் வரும். “உள்ள.” “வெளிய.” “வலையில பட்டுச்சு.” “அந்த ஒல்லிப் பையன் விழுந்துட்டான், பாவம்.” அவள் சொன்னதை நான் உரக்க அறிவித்தேன். இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் குரலை இவ்வளவு கூர்ந்து நான் கேட்டதில்லை. பந்து வெளியே போவதற்கு முன் லேசாக மூச்சை இழுப்பாள். அதை வைத்தே முன்கூட்டித் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

பார்வையாளர்கள் பக்கம் செல்வேந்திரன் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில், துண்டு போர்த்திக்கொண்டு, என் தசை. பந்து போகும் திசையெல்லாம் அதன் மேல்நுனி அசைந்தது.

இரண்டு அணியும் சமமாக வந்து நின்றன. கடைசிப் பந்து. வடுவூர்க்காரன் ஓங்கி அடித்தான். இடப்பக்கம் எங்கேயோ விழுந்தது.

“உள்ள” என்றாள் அமிர்தவல்லி.

“உள்ளே” என்றேன்.

நீடாமங்கலம் அணித் தலைவன் என் வலப்பக்கமாகச் சுற்றி வந்து, நான் பார்க்கும்படி நின்றான். நல்ல பையன், கண் கலங்கியிருந்தது. “நீங்க பாத்தீங்களா சார்?”

“இல்ல தம்பி. அவங்க பாத்தாங்க.”

“அவங்க சொன்னாப் போதுமா?”

“எனக்குப் போதும்.”

அவன் தலையாட்டிவிட்டு, வடுவூர்க்காரர்களுக்குக் கை கொடுக்கப் போனான். என் நாற்காலியின் படிகளில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது. இரண்டு சிறிய கால்கள். முழங்கை வழியாக ஏறி, காலருக்குள் நுழைந்து, ஒன்றை நெஞ்செலும்பிலும் ஒன்றைக் காறை எலும்பிலும் ஊன்றிக்கொண்டு, மேல்நுனியைக் காதுக்குப் பின்னால் மாட்டியது. வெந்நீரின் இளஞ்சூடு இன்னும் இருந்தது.

நான் இடப்பக்கம் திரும்பினேன்.

அமிர்தவல்லி கறுப்பு பிரேம் போட்ட மூக்குக்கண்ணாடி ஒன்றை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்நெற்றியில் நரை வந்திருந்தது. அழகாக இருந்தாள்.

“கண்ணாடி எப்பலேர்ந்து?”

“போன தீபாவளிலேர்ந்து.”

“கடைசிப் பந்துக்குப் போட்டிருந்தியா?”

“ஒரே தூசி. அதுக்கு முன்னாடிதான் கழட்டினேன். மஞ்சளா ஏதோ உள்ள விழுந்த மாதிரி இருந்துச்சு.”

கோப்பையை வடுவூருக்குக் கொடுத்தார்கள். நாங்கள் கை தட்டினோம்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், ஷர்மிளா பானு சொல்லிக்கொடுத்தபடி மெதுவாக, வலிக்காமல், இடப்பக்கம் திரும்பினேன். அமிர்தவல்லி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்தது.

“இது எப்ப வந்துச்சு?”

“பங்குனியில. மொதல்ல கொஞ்சம் சத்தமா இருந்துச்சு.”

அந்தச் சத்தத்தை நான் பக்கத்துத் தெரு மாவு மில் என்று நினைத்திருந்தேன்.

“அப்பளம் வேணுமா?” என்றாள். வேண்டும் என்றேன். அவள் எழுந்து, அலை வருவதற்குள் கொடியில் காயும் துணிகளை எடுத்துவிட்டு வருகிறேன் என்று புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.