73939133-உடன் ஒட்டாத பத்து இலக்கங்கள்

"பூஜ்யத்துலேர்ந்து ஒம்போது வரைக்கும் பத்து இருக்கு சார். ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைங்களேன்."

"எதைச் சேர்த்தாலும் கெட்டுப்போயிடும்மா. அதைத்தானே அப்பத்துலேர்ந்து கத்துறேன்."

தொலைபேசி அலுவலகத்தில் கவுன்ட்டர் பெண்ணோடு மல்லுக்கு நின்றவர் எங்கள் மேல்மாடி லென்ஸ்காரர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், தனிக்கட்டை. ஊர் பெருத்துவிட்டதாம். எல்லோரும் தங்கள் எண்ணின் கடைசியில் இன்னும் ஓர் இலக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். எது என்பது நம் இஷ்டம். வரிசையில் அடுத்த ஆள் நான். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

"என் நம்பர் 73939133. பகா எண்ணும்மா, எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது. கடைசி மூணை எடுத்துடு, 7393913. அதுவும் பகா எண். இன்னொரு மூணை எடு, 739391. அதுவும்தான். இப்படியே வால்லேர்ந்து உரிச்சுக்கிட்டே போனா கடைசியில ஒரு ஏழு தனியா நிக்கும். அதையும் உடைக்க முடியாது."

"அப்போ இன்னொரு ஏழைச் சேர்த்துக்கோங்க."

"மூணால வகுபடும்."

"ஒண்ணு?"

"அதுவும் மூணால."

"ஒம்போது?"

"அதுக்குத்தான் ரொம்ப நாள் உக்காந்தேன். கடைசியில அதுவும் உடைஞ்சுபோச்சு. இதுக்கு மேல எதுவும் ஒட்டாதும்மா."

"நம்பருக்குப் பொண்ணு தேடுறாரு போல. ஒண்ணும் அமையலையாம்," என்றார் எனக்குப் பின்னால் நின்றவர். வரிசையே சிரித்தது. நானும்தான்.

"நாளைக்குள்ள சொல்லலேன்னா லைனை வெட்டிடுவாங்க சார்."

"வெளிநாட்டுல இருக்கிற உங்க தங்கச்சி அப்புறம் எப்படிக் கூப்பிடும்?" என்று நான் குறுக்கே மூக்கை நுழைத்தேன். அவளைத் தவிர அந்த வீட்டுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. கீழ்வீட்டில் இருக்கும் எனக்குத் தெரியாதா?

"வெட்டிக்கட்டும்," என்றார் அவர்.

லைன்மேன் வந்து வெட்டிவிட்டுப் போனான். தங்கை எப்படியோ விசாரித்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட ஆரம்பித்தாள். மேலே லைன் இருந்த காலத்தில் அவளோடு பேசும்போது இவர் வாய்விட்டுச் சிரிப்பது எங்கள் கூரைவழியே கேட்கும். இங்கே முதுகைத் திருப்பிக்கொண்டு, "ம்... சாப்பிட்டேன்... ம்," அவ்வளவுதான். அவருக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதே என்று நான் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவேன். வேறெந்த எண்ணமும் இல்லை.

ஒருநாள் பேசிவிட்டு வாசலில் தயங்கி நின்றார். "உங்க புது நம்பர் மூணால வகுபடுதுக்கா," என்றார், துக்கம் விசாரிப்பதுபோல. "தெரியாம வாங்கிட்டேம்பா," என்றேன். வேறென்ன சொல்ல?

வர வர அழைப்புகள் குறைந்தன. அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் நின்று அண்ணனும் தங்கையும் எத்தனை நாளைக்குத்தான் சாப்பாட்டையே விசாரித்துக்கொண்டிருப்பார்கள்?

கவுன்ட்டர் பெண் அந்த லைன்மேனையே கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். லென்ஸ்காரருக்கு அவளைப் பேசி முடிக்கலாமென்று நான் மனதில் வைத்திருந்தது வீண். தங்கை தன் மகனோடு இன்னும் தொலைவான ஒரு நாட்டுக்குக் குடிபோனாள். அங்கே என்ன எண்ணோ, எங்களிடம் சொல்லவில்லை. லென்ஸ்காரர் மட்டும் எங்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை படியிறங்கி வந்து, மணி அடித்ததா என்று கேட்டுவிட்டு மேலே ஏறிப் போகிறார்.