உப்பின் பெயர் பூண்ட எழில்

கார்முகில் கவிந்த வானின் கீழ் டிராம் வண்டிகள் மணியொலித்து ஊர்ந்து செல்ல, நனைந்த மல்லிகையின் மணம் லேக் மார்க்கெட்டின் பூக்கடைகளைக் கடந்து மாடிகள்தோறும் ஏறிவர, எழுபத்தொன்பதாம் ஆண்டின் ஆவணி மாலையொன்று கல்கத்தா நகரின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மணத்தை நுகரவும் மனமின்றி, கூண்டிற்பட்ட குருவியென அடுக்களைக்கும் சாளரத்துக்கும் இடையே அலைந்துகொண்டிருந்தாள் அமலா. கருநிறத்தவள், அகவை இருபத்தாறு. முன்னர்ப் பெண்பார்க்க வந்த மூன்று வீட்டாரும் அவள் கைச் சிற்றுண்டியை உண்டு, ‘கடிதம் போடுகிறோம்’ என்று எழுந்து சென்றவர்களே. ஒரு கடிதமும் வந்ததில்லை. இன்றும் அவ்வாறே நேருமாயின், இனி எவர் முன்னும் தட்டேந்தி நிற்பதில்லை என்று உறுதி பூண்டிருந்தாள். உப்புமா வெந்துகொண்டிருக்கையில், நாள்தோறும் வரும் மின்வெட்டு அன்றும் வர, இருளில் விளக்கைத் தேடி ஏற்றி மீள்வதற்குள் வாயிலில் காலடியோசை கேட்டுவிட்டது.

சாந்த்ராகாச்சித் தொடர்வண்டிப் பணிமனையில் வேலை பார்க்கும் சுந்தரமும் அவன் தாய் நீலாவதியும் வந்தமர்ந்தனர். தட்டுகளை வைத்து வணங்கி உள்ளே திரும்பிய அமலாவின் செவியில் நீலாவதியின் குரல் விழுந்தது.

“பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. நிறந்தான் கொஞ்சம் மட்டு.”

அமலாவின் தந்தை சந்தானம் வங்கி அலுவலர். சொற்களின் வேர் தேடுவதில் தீராத வேட்கையர். பதற்றம் மிகுந்தால் அவ்வேட்கையும் மிகும். “கீழ்வீட்டு வங்காளிப் பெரியம்மா இவளைப் பாத்தா ‘லாபண்ணோ’ம்பாங்க. நம்ம லாவண்யந்தான் அது. லவணம்னா உப்பும்மா. நிறம் வேற, முத்துக்குள்ள நீரோட்டம் மாதிரி முகத்துல ஓடுற களை வேற. உப்பில்லாம எது ருசிக்கும், சொல்லுங்க?”

உப்பு! அமலா அடுக்களைக்கு விரைந்தாள். வாணலியின் ஓரத்தைச் சுரண்டி நாவிலிட்டாள், சப்பென்றிருந்தது. வாய்மூடி இருந்துவிடு என்று ஒரு மனமும், மறைத்துப் பெறும் வாழ்வு எதற்கு என்று மறுமனமும் இழுக்க, அலைப்பட்ட தோணிபோல் தத்தளித்தவள், இறுதியில் உப்புக் கிண்ணத்தை ஏந்திக் கூடத்துக்கு வந்தாள். சுந்தரத்தின் தட்டு வெறுமையாய்க் கிடந்தது.

“மன்னிச்சுக்கங்க. உப்புப் போட மறந்துட்டேன்.”

“அதானே பாத்தேன்! லாவண்யத்துல உப்பிருக்கு, தட்டுலதான் காணோம்,” என்றாள் நீலாவதி. “ஏன்டா, நீ எப்படி முழுசும் தின்னே?”

“சொன்னா வீட்ல அவங்களை வைவாங்களேன்னுதான்,” என்றான் சுந்தரம், தலைகுனிந்து.

“அப்போ உப்பில்லாமலே காலம் தள்ளிடுவீங்களா?” என்று தன்னையறியாது கேட்டுவிட்டுச் சிரித்தாள் அமலா. விளக்கொளியில் அச்சிரிப்பை நீலாவதி இமைக்காது நோக்கியிருந்தாள்.

சந்தானம் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். “அப்போ... கடிதம் போடறீங்களா?”

“கடுதாசி என்னத்துக்கு? ஆத்துப் பாலத்தைத் தாண்டினா வீடு. நேர்லயே நாள் குறிப்போம். அந்த உப்பை இப்படித் தள்ளு, மருமகளே. இன்னொரு கரண்டி உப்புமாவும் வை.”

நிறத்தை வாயிலில் நின்றே கண் அளந்துவிடும். உப்பை அறிய, அருகமர்ந்து உண்ணவேண்டும்.