பூட்டுக்கு உள்ளே விடுதலை நாள்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொண்டாலும் சரி. ஒரு பூட்டின் கதை சொல்லப் போகிறேன். முடிக்கும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது.

அந்நியர்கள் கப்பலேறிப் போன நாளை ஒரு மாகாணத்தில் மட்டும் விடுதலை நாளென்று கொண்டாடுவார்கள். மற்ற மாகாணங்களுக்கு அது வெறும் வேலை நாள். இந்த மாகாணத்தில் ஒரு தையல் கம்பெனி, அதன் தலைமை அலுவலகமோ வெளி மாகாணத்தில் இருந்தது. "எங்களுக்கு லீவு இல்லையே, சட்டை எங்கே?" என்று போன் வந்தது. மேஸ்திரி லீவு நாளிலும் மூன்று பேரை வேலைக்கு வரவழைத்தார். "பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்று தேனொழுகப் பேசினார். லேபர் ஆபீஸ்காரர்கள் பார்த்தால் மூடியிருக்கிறது என்று நினைக்கட்டும் என, ஷட்டரை வெளியே பூட்டிவிட்டுக் கொடியேற்றத்துக்குப் போய்விட்டார்.

பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் பெண்ணுக்குக் கைக்குழந்தை. நாத்தனாரிடம் விட்டு வந்திருந்தாள். பாட்டிலை வாயில் வைத்தாலே துப்பும் பிள்ளை. பத்து தாண்டியது, பதினொன்றும் தாண்டியது. மார்பு கல்லாய்க் கனத்தது, ரவிக்கை நனைந்தது. எடுத்த காஜா ஒவ்வொன்றும் அவளுக்குத் திறந்த வாயாகவே தெரிந்தது.

"எவ்வளவு நேரம்டி பல்லைக் கடிப்ப? ஷட்டரைத் தட்டு, ஊரே தெருவுலதான் இருக்கு" என்றாள் பட்டன் கட்டும் அக்கா.

சட்டை தேய்க்கும் அண்ணன் பலகையை எடுத்து ஓங்கி ஓங்கித் தட்டினார். ஊர்வலம் அப்போதுதான் வாசலுக்கு வந்தது.

"விடு! எங்களை விடு!" என்று மூவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

விடுதலைக் கோஷமென்று நினைத்து வெளியிலிருந்து ஊரே பதில் கொடுத்தது: "தலை! தலை!"

"ஐயோ, விடு!"

"தலை!"

"உள்ளயும் நம்ம ஆளுங்கதாண்டா!" என்று எவனோ கூவினான். பலகைச் சத்தத்துக்கு ஆட்டம் வேறு.

"நல்லா இருக்கு கூத்து! நாம கதற, அவனுங்க ஆடறானுங்க" என்று அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஊர்வலம் நகர்ந்து போயிற்று.

அப்போது பின்சந்துப் பக்கத்து ஜன்னலில் ஓர் அழுகை கேட்டது. அவளுக்கா தெரியாது அந்தக் குரல்? ஓடினாள். கம்பிக்கு அப்பால் நாத்தனார், இடுப்பில் வீறிடும் பிள்ளை.

"முன்னால பூட்டு தொங்குது! ஜெயில்லயா இருக்கீங்க அண்ணி?"

"ஆமா, நீதான் ஜாமீன். பிள்ளையக் கிட்ட கொண்டா."

அக்கா முந்தானையை விரித்து மறைத்தாள். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கம்பிகளுக்கிடையே பிள்ளையின் தலை நுழையவில்லை, வாய் எட்டியது. அழுகை நின்றது. இரண்டு கம்பிகளும் விலாவில் அழுந்த, அவள் அசையாமல் நின்றாள்.

ஷட்டர் கடகடவென்று ஏறியது. சட்டையில் காகிதக் கொடியோடு மேஸ்திரி.

"பேச்சு நீண்டுபோச்சும்மா, கோவிச்சுக்காத. கிளம்பு, கிளம்பு!"

அவள் திரும்பவேயில்லை.

"பொறுங்க மேஸ்திரி. இந்தப் பக்கம் குடிச்சு முடிக்கட்டும். அந்தப் பக்கம் குடுக்க நானே வெளிய வர்றேன். அதுவரைக்கும் உங்க கை அந்த ஷட்டர்மேல படக்கூடாது."

மேஸ்திரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் எப்போதும் உள்பக்கமே இருக்கட்டும். பசித்து அழும் பிள்ளைக்கும் அதன் தாய்க்கும் நடுவே ஒரு கம்பிகூட இல்லாமல் உங்கள் குடும்பம் தழைக்கட்டும்.