ஒரே நேரத்தில் வெட்ட வேண்டிய களாச்செடி

தையல்காரியின் கடை ஜன்னலை ஒரு களாச்செடி அடைத்துக்கொண்டு நின்றது. வேரடியிலிருந்தே ஏழு தண்டு. தண்டெல்லாம் கவட்டை முள். காயைக் கிள்ளினால் பால் வடியும். பழுத்துக் கறுத்துவிட்டால் தின்றவர் நாக்கில் சாயம் ஏறும். கடைக்குள் பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

அதை வெட்ட அனுமதி கேட்டு அவள் மனுப் போட்டதும் நகராட்சியின் மரப்பிரிவு அதிகாரி வந்தார். செடியைச் சுற்றிவந்து தண்டுகளை எண்ணினார். எண்ணிக்கொண்டே பழங்களையும் வாயில் போட்டுக்கொண்டார்.

"ஒத்தைத் தண்டா இருந்தாதாம்மா மரம். இது புதர். தாராளமா வெட்டிக்குங்க."

அவர் தலை மறைந்ததும் அரிவாளை எடுத்தாள். முள் கீறியும் விடவில்லை. ஆறு தண்டுகள் சாய்ந்தன. ஏழாவதில் அரிவாளை வைக்கும்போது, இன்னும் நாலு பழம் பறிக்கலாமென்று திரும்பி வந்த அதிகாரி அலறினார்.

"நிறுத்துங்க! இது மரம்!"

"காலையில புதர்னு சொன்னீங்களே சார்!"

"காலையில ஏழு தண்டு. இப்ப எண்ணுங்க பாப்போம்."

எண்ணுவதற்கு என்ன இருக்கிறது?

"மறுபடி புதரானதும் வெட்டிக்குங்க," என்றார் ஆறுதலாக. "நல்லா தண்ணி ஊத்துங்க."

வெட்டுவதற்காகவே அதை வளர்த்தாள். எரு வைத்தாள். மழை பெய்ததும் ஒன்று ஒன்பதாயிற்று. இலைகள் எதிரெதிரே இரண்டிரண்டாக விட்டன, மல்லிகைபோல வெள்ளைப் பூ பூத்தது, கொத்துக் கொத்தாய்ப் பழுத்தது. இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் போயிற்று.

இந்தத் தடவை அவள் ஏமாறத் தயாராக இல்லை. ஒன்பதையும் ஒரே நேரத்தில் வெட்டிவிட்டால் அது மரமாக அவகாசமே கிடைக்காது. தானும், கணவனும், நாத்தனாரும், பக்கத்துக் கடை இஸ்திரிக்காரரும், தைத்த துணியைக் கேட்டு வந்த ஐந்து பேரும் தண்டுக்கு ஒருவராகக் கத்தியோடு குனிந்தார்கள். துணி வேண்டுமென்றால் வெட்டியாக வேண்டும் என்று சொல்லியிருந்தாள். பழம் பறிக்க வந்திருந்த அதிகாரியே எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு!"

எட்டுத் தண்டுகள் விழுந்தன. நாத்தனார் மட்டும் வாய் நிறையப் பழத்தோடு கன்னம் உப்ப நின்றாள்.

"புளிப்புல கண்ணை மூடிட்டேன் அண்ணி. மூணு சொல்லிட்டாங்களா?"

அதிகாரி பையிலிருந்து மரங்களுக்குக் கட்டும் நம்பர் போட்ட தகரத்தை எடுத்து, கிளைவிட்டு ஜன்னலையே மறைத்து நின்ற ஒன்பதாவது தண்டில் பயபக்தியோடு கட்டினார். தையல்காரி அப்படியே முள்ளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று எல்லோரும் பயந்தார்கள். வந்தது சிரிப்பு. அதுவும் நிற்காமல் வந்ததில்தான் பயம் அதிகமாயிற்று.

மறுநாள் மிஷினைத் தெருவோரம் இழுத்துப்போட்டுத் தைக்க ஆரம்பித்தாள். கணவன் உள்ளேயே இருந்துகொண்டான். பகல் தூக்கத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றான்.