கோயில் சுத்து

கமலாம்பிகை பனிச் சப்பாத்தைக் கழற்றவில்லை. கழற்றினால் ஆடவேண்டி வரும். ஆட்டத்துக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பத்தான் வெக்ஸ்போர்ட் தேவாலயத்தின் கீழ்மண்டபத்துக்கு இறங்கி வந்திருந்தாள். "சொல்லிட்டு வாங்கோ அம்மா, நான் கார்ல வெயிட் பண்ணுறன்" என்று மகள் சுபாங்கி வெளியே நின்றாள். கணவர் சிவபாதத்தின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் சடங்கு, போன கிழமைதான் முடிந்தது. கமலாம்பிகைக்கு இன்னும் அழுகை வரவில்லை. கையுறை இல்லாமல் குளிருக்குள் நின்றுவிட்டு வந்த கையைப்போல, உடம்பு முழுக்க யாருடையதோ மாதிரி இருந்தது. சாமியறையில் விளக்கேற்றும்போதும் அப்படித்தான். திரி எரிந்தது, அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இருதய ஒப்பரேஷனுக்குப் பிறகு சிவபாதத்தை நடக்கச் சொல்லியிருந்தார் டொக்டர். பனிக்காலத்தில் நடக்க இடம் தேடி வந்த இருவரையும் இங்கே ஐரிஷ் ஆட்டம் ஆடுகிறவர்கள் கைபிடித்து இழுத்துவிட்டார்கள். நான்கு சோடிகள் சதுரமாக நின்று ஆடுவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர். அதை ஆட்டம் நடத்தும் வேரோனிக்கா மைக்கில் கூவுவாள். சிவபாதத்துக்குக் காது மந்தம், இங்கிலிஷ் அதைவிட மந்தம். அதனால் கமலாம்பிகை அவர் தோளருகே ரகசியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே ஆடுவாள். எல்லோரும் நடுவுக்குப் போய்ப் பின்வாங்குவது 'உள்ளுக்கு, வெளியில'. எதிரே வருகிறவர்களின் கையை ஒவ்வொன்றாகப் பிடித்து விட்டுப் போவது 'கைமாத்து'. சோடியாகச் சுழன்றபடி சதுரம் முழுவதையும் வலம் வருவது 'கோயில் சுத்து'.

"கோயில் சுத்தேக்கை ஏனப்பா ஓடுறியள்?" என்று கடிந்துகொள்வாள்.

"நான் தேரல்லோ. இழுக்கிறது நீர்" என்பார் அவர்.

இனி வரமாட்டேன் என்று கமலாம்பிகை வந்து சொன்னதை வேரோனிக்கா மறுக்கவில்லை. இன்றைக்கு என்னையும் சேர்த்து ஏழு பேர்தான், ஒரேயொரு ஆட்டம் நின்றுவிட்டுப் போங்கள் என்று மட்டும் கேட்டாள். ஆணின் பக்கம் நின்று ஆடும் பெண் கையில் சிவப்பு ரிப்பன் கட்டுவது வழக்கம். வேரோனிக்கா மைக்கை வைத்துவிட்டு, ரிப்பனைக் கட்டிக்கொண்டு, சிவபாதம் நிற்கும் இடத்தில் வந்து நின்றாள். மறுத்துப் பேசவும் பலம் வேண்டுமே. கமலாம்பிகையும் போய் நின்றாள்.

அக்கோடியன் இசை தொடங்கியது. எல்லோரும் அசைந்தார்கள். அவள் கால் அசையவில்லை. அவருக்குச் சொல்லிச் சொல்லித்தான் அவளுக்கு ஆட்டம் தெரிந்திருந்தது. சொல்ல ஆளில்லாதபோது ஒரு கட்டமும் நினைவுக்கு வரவில்லை. வேரோனிக்கா அவள் கையை இழுக்கவில்லை, பிடித்திருந்தாள்.

எதிர்ச் சோடியில் மெலனி, முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள், நடுவில் நின்று இவளைப் பார்த்தாள்.

"உள்ளுக்கு" என்றாள்.

'ள' அவள் நாக்கில் சரியாக உருளவில்லை. கமலாம்பிகையின் கால் ஓரடி முன்னே போனது.

"வெளியில" என்றார் பக்கத்துச் சோடியில் நின்ற நெட்டையான கிழவர்.

ரகசியம் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். காது மந்தமானவருக்குச் சொன்ன ரகசியம் மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கிறது.

"கைமாத்து" என்றாள் மெலனி. ஒவ்வொரு கையாக வந்தது. சில கைகள் சூடாக இருந்தன. அது அவளுக்குத் தெரிந்தது.

அடுத்தது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு தாளத்துக்குக் கால்தட்டியபடி நின்றார்கள்.

"கோயில் சுத்து" என்றாள் கமலாம்பிகை, காது மந்தமான ஒருவருக்குச் சொல்வதுபோல.

வாசலில் சுபாங்கி கார்ச் சாவியோடு வந்து நின்றாள். மரத்தரையில் பனிச் சப்பாத்தின் ஈரத்தடம் சதுரத்தைச் சுற்றி வலமாகப் போய்க்கொண்டிருந்தது.